பாதி வெந்த டிக்கெட் மெஷின்

கோணப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அக்காவை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது இவர்கள் தலையில் வந்து விடிகிறது.

அந்த ஊருக்கு ஒரே ஒரு மினிபஸ். அரசாங்கம் கொடுத்தது, ஊர்க்காரர்களே சங்கம் வைத்து ஓட்டுவது. பஸ்ஸில் 'படியில் நிற்காதீர்கள்' என்று எழுதியிருக்கும். அதனால் அந்தப் படியில் இன்றுவரை ஒருத்தரும் கால் வைத்ததில்லை. ஏறுகிறவர்கள் தரையிலிருந்து நேரே உள்ளே தாவுவார்கள். தாவ முடியாதவர்களுக்குக் கன்டக்டர் நாச்சிமுத்து கீழே இறங்கிக் குனிந்து முதுகைக் கொடுப்பார். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று இன்னொரு வாசகமும் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து டிரைவர் செங்கோடனின் பெண்டாட்டி வீட்டில்கூட அவரிடம் வாய் திறப்பதில்லை. செங்கோடன் வருஷம் தவறாமல் அந்த எழுத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்து வைக்கிறார்.

நாச்சிமுத்துவின் கழுத்தில் ஒரு பழைய டிக்கெட் மெஷின் தொங்கும். கைக்கு அடக்கமான கம்ப்யூட்டர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். செங்கல் கனம் இருக்கும். அதன் பேட்டரி ரெண்டு கொட்டாவி விடுகிற நேரம்தான் தாங்கும். ஆகவே டிரைவர் பக்கத்து சார்ஜரிலிருந்து நீள வயர் ஒன்று எப்போதும் அதற்குப் போய்க்கொண்டிருக்கும். நாச்சிமுத்து எங்கே நின்றாலும் வயரும் கூடவே நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக்குப் போகிற டிரிப். நாச்சிமுத்துவின் மாமனார் பழனிக்கவுண்டரின் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் பஸ் நின்றது. நாச்சிமுத்து இறங்கி, பாவாத்தாளுக்கும் அவள் விற்கக் கொண்டுவந்த கிடாய்க்கும் முதுகைக் கொடுத்து ஏற்றிவிட்டார். கீழே நின்றபடியே டிக்கெட் பட்டனைத் தட்டினார். டிக்கெட்டுக்குப் பதில் திரையில் எழுத்து வந்தது. 'புதிய மென்பொருள் நிறுவப்படுகிறது. கருவியை அசைக்க வேண்டாம்.'

முன் சீட்டில் இருந்த சங்கத் தலைவர் அர்த்தநாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நாச்சிமுத்து, மெஷின் உங்க கழுத்துல இருக்குதுங்க. நீங்க ஏறுனா அதும் ஏறுமுங்களே?"

"ஏறுமுங்க."

"அப்ப நீங்க அசையக் கூடாதுங்க."

"மூச்சு உடலாமுங்களா?"

அர்த்தநாரி வெகுநேரம் யோசித்தார். "சித்த மெதுவா உடுங்க" என்றார்.

கன்டக்டர் இல்லாமல் பஸ் போகக் கூடாது. போகாத பஸ்ஸுக்கு எஞ்சின் எதற்கு, டீசல் வீண்தானே என்று ஒருத்தர் கேட்டார். அந்தக் கேள்வியின் புத்திசாலித்தனத்தில் எல்லோரும் சொக்கிப் போனார்கள். செங்கோடன் எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நின்றதும் சார்ஜரும் நின்றது. பேட்டரி ரெண்டு கொட்டாவி விட்டது. திரை கருத்துப் போனது.

"பாத்தீங்களா, சத்தமே இல்லாம எவ்வளவு அடக்கமா வேலை செய்யுது" என்றார் அர்த்தநாரி.

வெயில் உச்சிக்கு ஏறியது. எழுத்து போன பிறகு அந்த எழுத்தின் உத்தரவும் போனதாகத்தான் அர்த்தம் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, நாச்சிமுத்துவை அசைய விட்டார்கள். பாவாத்தாள் கிடாயை நடத்தியே சந்தைக்குக் கூட்டிப்போய் விற்றுவிட்டாள். டிக்கெட் அடிக்காமல் எஞ்சின் ஓடக் கூடாது என்று பஸ்ஸை ஊர் வரை தள்ளிக்கொண்டே போனார்கள். மெஷின் உயிரோடு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு சேதி வந்தது. வெள்ளிக்கிழமை வழித்தட அதிகாரி நேரில் வருகிறார். மெஷினில் டிக்கெட் அடித்துக் காட்டாவிட்டால் பஸ் குட்டைமேட்டுக்குப் போய்விடும். குட்டைமேடு எங்கள் ஊர். எங்களுக்கு பஸ் கிடையாது. வெள்ளிக்கிழமையை நாங்கள் வாயில் எச்சில் ஊற எதிர்பார்த்தோம் என்பதை மறைக்க மாட்டேன்.

ஊருக்குப் போவது பஸ் என்றால், நாச்சிமுத்துவுக்குப் போவது மானம். பழனிக்கவுண்டருக்குத் தன் எருமைகளை மாப்பிள்ளை மேய்க்க வேண்டும் என்று கல்யாணத்தன்றைக்கே ஆசை. அதே கல்யாணத்தில் ஓர் எருமை மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்கு எருமை என்றால் குலை நடுக்கம். செவ்வாய் ராத்திரியே மாமனார் சொல்லி அனுப்பிவிட்டார், பஸ் போய்விட்டால் கவலைப்பட வேண்டாம், புதுச் சாட்டை வாங்கி வைத்திருக்கிறேன் என்று.

புதன்கிழமை உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். எடுத்த பெண் பொறுமைசாலி. வயரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டுப் பட்டனைக் கிளிப் படம் வருகிறவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கிளி, மெஷின் செய்த கம்பெனியின் சின்னம். உடனே வயரைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டச் சொல்லவில்லை, ஆகவே மாட்டவில்லை. செத்த பேட்டரியோடு பட்டனை அழுத்தத் தொடங்கினார்கள்.

நாச்சிமுத்துவின் கட்டைவிரல் மரத்துப் போனதும் முறை வைத்தார்கள். அந்த ஊரில் முறை என்றால் வாய்க்கால் தண்ணீர் முறைதான். எந்த வரிசையில் வயலுக்குத் தண்ணீர் பாயுமோ அதே வரிசையில் விரல்கள் வந்தன. கடைமடைக்காரர்கள், தங்களுக்கு எப்போதும் கடைசியில்தான் கிடைக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஒருத்தர் முறையில் பாதியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அழுத்திவிட்டார் என்று பஞ்சாயத்தே கூடியது.

வியாழன் காலையில் கொய்யா மரத்தில் ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள்.

"படம் வருமுன்னுதானுங்க அந்தம்மிணி சொன்னாங்க. நெசக் கிளியே வந்துருச்சு. இதுக்கு மேல என்னுங்க வேணும்?" என்றார் அவர்.

பட்டனை விட்டார்கள். கிளி கொய்யாவைத் தின்றுவிட்டுப் போனது. மெஷின் அப்படியேதான் கிடந்தது.

மறுபடியும் போன். அந்தப் பெண் இந்தத் தடவை சொன்னாள்: "சார், அப்டேட் பாதியில நின்னிருக்கு. கடைசியா மெஷின் நல்லா வேலை செஞ்சப்போ எப்படி இருந்துச்சோ, அந்த நிலைமைக்குத் திருப்பிக் கொண்டு போகணும். அது எப்படின்னா..."

நாச்சிமுத்து நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் எப்படி என்று கேட்டுக்கொண்டு நின்றால் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்.

மெஷின் கடைசியாக நன்றாக வேலை செய்தது செவ்வாய்க்கிழமை காலை, மோட்டார் ரூம் பக்கம் பஸ் வந்து நிற்கிறவரை. ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் செவ்வாய்க்கிழமையைத் திருப்பிக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. அன்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அதே சீட்டில், அதே துணியில். துவைத்துப் போட்டிருந்தவர்கள் ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

பாவாத்தாளின் கிடாய்தான் சிக்கல். சந்தையில் விற்ற கிடாய் புதன்கிழமையே குழம்பாகிவிட்டது. வேறு கிடாய் கொண்டுவந்தார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"என்ற கிடா கருப்புங்க. இது வெள்ளை. மெஷினுக்குச் சந்தேகம் வராதுங்களா?"

நியாயமான பேச்சு என்று வெள்ளைக் கிடாய்க்கு அடுப்புக்கரி பூசினார்கள். அது பிடித்திருந்தவர் மேல் உரசி, அவரும் கருப்பானார். செவ்வாய்க்கிழமை அவர் கருப்பாக இல்லை என்று அவரைத் துடைத்தார்கள். அன்றைக்குப் போலவே மோட்டார் ரூமில் ஏறுவதற்காகப் பாவாத்தாளையும் கிடாயையும் முன்னால் நடத்தி அனுப்பினார்கள்.

அடுத்தது மாரப்பன். அன்றைக்குக் கடைசி சீட்டில் குறட்டை விட்டுத் தூங்கியவர். இன்றைக்கு ஊரே தன் தூக்கத்தை நம்பியிருக்கிறது என்ற கவலையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பஸ்ஸே சேர்ந்து தாலாட்டுப் பாடியது. பாடி முடித்தபோது மாரப்பன் மட்டும் முழித்திருந்தார். மற்ற எல்லோரும் தூங்கிவிட்டார்கள். டிரைவரிடம் பேசக் கூடாது என்பதால் செங்கோடனைக் கிள்ளித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. மாரப்பனைக் கண்ணை மூடி வாயால் குறட்டை விடச் சொல்லிச் சமாளித்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அதிகாரி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறப் போனார். நாச்சிமுத்து கையை நீட்டித் தடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. செவ்வாக்கெழமை நீங்க இல்லீங்க."

"நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேன்யா."

"இன்னிக்குத்தானுங்க வந்துருக்கீங்க" என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் அவ்வளவு மரியாதை இருந்ததால் அதிகாரிக்குக் கோபப்படத் தோன்றவில்லை. ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார்.

மோட்டார் ரூம் பக்கம் பஸ் நின்றது. வரப்பில் பழனிக்கவுண்டர் புதுச் சாட்டையோடு தயாராக நின்றார். பின்னால் எருமைகள் அசை போட்டுக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தன. நாச்சிமுத்து கண்ணை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கி, பாவாத்தாளுக்கும் கரிக் கிடாய்க்கும் முதுகைக் கொடுத்தார்.

"வேற என்னுங்க இருந்துச்சு அன்னிக்கி?" என்று அர்த்தநாரி கேட்டார்.

"எஞ்சின் ஓடிட்டு இருந்துச்சுங்க. வயர் மாட்டியிருந்துச்சுங்க."

எஞ்சினை ஓடவிட்டு, வயரை மாட்டினார்கள். மூன்று நாளாகப் பட்டினி கிடந்த மெஷினுக்குள் கரண்ட் போனது. 'விட்ட இடத்திலிருந்து தொடரவா?' என்று அது கேட்டது. நாச்சிமுத்து பயபக்தியோடு ஆம் என்பதைத் தொட்டார். இந்தத் தடவை எஞ்சினை நிறுத்தும் யோசனை ஒருத்தருக்கும் வரவில்லை. அன்றைக்கு டீசல் வீண் என்று சொன்னவர் மறுபடியும் தூங்கிவிட்டிருந்தார். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. திரையில் கிளி வந்தது. பட்டனைத் தட்டியதும் கரகரவென்று டிக்கெட் வெளியே வந்தது.

நாச்சிமுத்து அழுதுவிட்டார். டிக்கெட்டை இரண்டு கையாலும் அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறாமைக்காரன் நான் சொல்கிறேன், அந்த மனிதர் நல்லவர்தான். போகிற போக்கில் அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். அதுதான் வினை.

"நல்லா வேலை செய்யுது. இனிமே இதை யாரும் நோண்டாதீங்க. இப்ப எப்படி இருக்கோ, அப்படியே இருக்கட்டும். இப்படி இருக்கற வரைக்கும் பஸ் உங்க ஊருக்குத்தான்."

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. நாச்சிமுத்து ஒரு காலைத் தூக்கி பஸ்ஸில் தாவப் பார்த்தார். உள்ளே இருந்து அத்தனை பேரும் ஒரே குரலில் தடுத்தார்கள்.

மெஷின் இப்போது எங்கே இருக்கிறது? மோட்டார் ரூம் பக்கத்தில், நாச்சிமுத்துவின் கழுத்தில். அப்படியே இருக்கட்டும் என்பது அதிகாரியின் வார்த்தை. அது அசைந்தால் பஸ் குட்டைமேட்டுக்குப் போய்விடும். ஆனால் பஸ்ஸும் ஓட வேண்டும், வயரோ பஸ்ஸோடு போய்விடும். என்ன செய்வது என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது பழனிக்கவுண்டர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏனுங் மாப்ள, நம்ம மோட்டார் ரூம்ல பிளக் இருக்குதுங்களே. எத்தனை நாளு வேணாலும் நில்லுங்க."

எல்லோரும் அவர் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். வயரை மோட்டார் ரூமில் மாற்றி மாட்டினார்கள். கவுண்டர் சாட்டையை நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"சும்மாதானுங்க நிக்கறீங்க. அப்படியே இதுகளையும் சித்த பாத்துக்குங்க."

இப்போதும் நீங்கள் போனால் பார்க்கலாம். பஸ் கோணப்பாளையத்திலிருந்து வந்து மோட்டார் ரூமில் நிற்கும். எல்லோரும் தாவி இறங்கி, நாச்சிமுத்துவிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபடி தாவி ஏறுவார்கள். அவர் முதுகு மெஷினோடு சேர்ந்து அசையக் கூடாது என்பதால் தாவ முடியாதவர்களுக்கு ஓர் எருமையை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் நடந்துதான் சந்தைக்குப் போகிறோம். அந்த வழியாகப் போகும்போது நாச்சிமுத்துவைக் கும்பிட்டுவிட்டுப் போவோம்.

போன வாரம் நான் மனசு பொறுக்காமல், அசையலாமா என்று உதவி மையத்தையே கேட்டுவிடுங்கள் என்றேன். நல்ல யோசனை என்றார். உடனே போன் போட்டுக் காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

ஓர் எருமை அவர் வேட்டி நுனியை மெல்லத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தும் ஓர் அங்குலம் அசையவில்லை.

"'தயவுசெய்து காத்திருக்கவும்'னு சொல்லிட்டாங்க" என்றார்.