படம் போய்ச் சேர்ந்தது

கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு எஸ்தர். வயது முப்பதைத் தாண்டவில்லை. அவளிடம் தொழில் பழகிய தணிகாசலமோ அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிறவர். மில் மூடியபிறகு இங்கே வேலைக்கு வந்தார். அவளை வாய் நிறையக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். அவள் கூச்சத்தில் நெளிந்தாலும் விடமாட்டார்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை, அதுதான் அங்கே வேலை. எந்த ரிப்போர்ட்டை இணைப்பது, எந்த டாக்டருக்கு அனுப்புவது என்று அடித்து என்டரைத் தட்டினால் மெயில் பறந்துவிடும். வரியின் வாலில் மட்டும், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வெறுங்கோப்பின் பெயர் வரும். கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று கட்டளை கேட்குமே, அதற்கு 'ஒன்றும் வேண்டாம், இணைப்பு மட்டும் போதும்' என்று பதில். டாக்டரிடம் நலம் விசாரித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

அந்த வரியைத் தணிகாசலம் வாலோடு மனப்பாடம் செய்தார். அவருக்கு அதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. நியூசிலாந்துக்குப் போன மகன் மாறன் போன் நம்பரை மாற்றிவிட்டான். கையில் மிஞ்சியது அவனுடைய மெயில் முகவரி மட்டும். எஸ்தரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் வேலை முடிந்ததும் அவனுக்கு ஒரு படம் அனுப்பினார். கொய்யா மரம். மொட்டை மாடி. மாறன் வளர்த்த நாய், இப்போது கண் தெரியாமல்.

பதில் என்று ஒரு வரி வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எஸ்தரின் மேசைக்கு வந்தார்.

“குருவே, படமெல்லாம் போய்ச் சேருதுங்களா?”

அவள் பதிவைப் பார்த்தாள். “எல்லாமே சேர்ந்திருக்குதுங்க சார்.”

“அப்புறம் ஏனுங்க பதிலே இல்ல? சின்னதா இருக்குதோன்னு பெருசாக்கி அனுப்பினேன். ஒண்ணு பத்தலையோன்னு ஒரே மெயில்ல எட்டுப் படம் வச்சேன்.”

“உங்க மகன் கிளம்பும்போது என்ன ஆச்சு?”

“போகாதேன்னேன், கேக்கல. ஆத்திரத்துல, 'எனக்குக் கொள்ளி வைக்கக்கூட வந்துராதே'ன்னுட்டேன்.” “வாசல் வரைக்கும்கூடப் போகலீங்க. இப்ப கேட் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சுப் போய்ப் பாக்குறேன். அவனை ஒருதரம் பாத்துட்டாப் போதும் எனக்கு.”

எஸ்தர் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“இன்னிக்கு என்ன படம்?”

“அவன் பைக்குங்க. கழுவித் துடைச்சு வச்சிருக்கேன்.”

“அடிங்க, பாக்கலாம்.”

அடித்தார். படத்தின் பெயர் வந்தது, மகன் முகவரி வந்தது, வழக்கம்போல் வாலில் வெறுங்கோப்பும் வந்தது. என்டருக்குப் போன கையை அவள் நிறுத்தினாள். வாலை மட்டும் அழித்துவிட்டு, என்டரைத் தானே தட்டினாள்.

மெயில் போகவில்லை. அடுத்த வரியில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

“கெட்டுப்போச்சுங்களா?”

“இல்லீங்க சார். உங்களைக் கேக்குது.”

“என்னத்தை?”

“என்ன எழுதறதுன்னு.”

தணிகாசலத்தின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே போய் நின்றன. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“எழுதறதுக்கு என்னங்க இருக்குது? மரம், மாடி, நாயி, வண்டி, எல்லாத்தையும்தான் அனுப்பிட்டேனே. எங்க வீடே அந்தப் படத்துல இருக்குதே.”

“வீடு இருக்குதுங்க சார்” என்றாள் எஸ்தர். “'வா'ன்னு சொல்லத்தான் ஆளில்லை.”