சூரியனை மறைத்த உபயம்

செங்கரட்டு முருகன் கோயில் அடிவாசலில் செருப்புக் காவல் காப்பதே சடையாண்டியார் செய்துவந்த திருத்தொண்டு. முருகனைக் காண ஏறிப் போகிறவர்களின் பாதம் பட்டவை என்று ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்து வைப்பார். மலையில் மணி அடித்தால் கீழே நின்றபடியே கும்பிட்டுக்கொள்வார். அவருக்கு வேறு யார் இருந்தார்கள்? மனைவி காத்தாயி பிரசவத்துக்குப் போன ஊர்ச் சுகாதார நிலையத்தில் கரண்ட் போய், டார்ச் வெளிச்சத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை.

அந்தச் சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்கு ஒரு சோலார் விளக்கு வாங்கி வைத்துவிட வேண்டும், இனி ஒருத்தியும் இருட்டில் சாகக் கூடாது என்று நிதி கேட்டு அலையத் தொடங்கினார். கலெக்டர் ஆபீசில், சங்கமாக வந்தால் மானியம் உண்டு, தனி ஆளுக்குக் கிடையாது என்றார்கள். டவுன் அறக்கட்டளையிலும் அதே பல்லவிதான். சங்கத்துக்கு ஆள் சேர்க்கத் தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டார். செருப்புப் பார்க்கிறவன் பின்னால் எவன் வருவான்? சிரித்தார்களே தவிர ஒருவரும் வரவில்லை. சாமிக்கு விளக்கென்றால் தருவோம், ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்றும் கேட்டார்கள். நல்ல பக்தி! அவர் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுநாளும் கேட்கப் போனார்.

கடைசியில், கோயில் தர்மகர்த்தாவான ரைஸ்மில் முதலாளி மருதப்பர் மனமிரங்கினார். கூரைமேல் சோலார் தகடு ஏறியது. கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற வழக்கப்படியே, தகட்டின் கண்ணாடி முழுக்க ‘உபயம்: மருதப்பர் குடும்பத்தார்’ என்று கொட்டை எழுத்தில் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். வெயில் எங்கே உள்ளே போகும்? விளக்கு எரியவே இல்லை. பெயரைச் சுவரில் எழுதிக்கொள்ளலாமே என்று சடையாண்டியார் கெஞ்சினார். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெயரில் கை வைத்தால் கோயில் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றுவிட்டார்.

முருகன் வாசலை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஏது? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

“காத்தாயிக்குக் கிடைக்காத வெளிச்சம் இன்னொருத்திக்காவது கிடைக்கட்டும். உன் வாசல் போனாலும் போகட்டும் முருகா” என்று சொல்லிக் கூரையேறி, பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்.

விளக்கு எரிந்தது. அன்றே அவர் வேலை போயிற்று. சுகாதார நிலையத்தின் வாசலைக் கூட்டிக்கொண்டு அங்கேயே கிடந்தார். மலையைப் பார்க்கும்போதெல்லாம் ஏங்கிப் போவார்.

பங்குனி உத்திரத்தன்று மாலை முருகன் பல்லக்கில் வீதியுலா வந்தார். வழியில் கரண்ட் போனது. ஊரே இருட்டு, பிரசவ அறையில் மட்டும் வெளிச்சம். அந்த வாசலுக்கு வந்ததும் பல்லக்கு நகரவில்லை. தூக்கியவர்கள் தோள் மாற்றிப் பார்த்தும் கல்லாய்க் கனத்தது. உள்ளே, அப்போதுதான் பிறந்த பிள்ளை அழுதது. சாமி மரியாதை செய்யச் சொல்கிறார் என்று குருக்கள் முருகன் கழுத்து மாலையைக் கழற்றினார். முதல் மரியாதை தர்மகர்த்தாவுக்கு உரியது. மருதப்பரும் பழக்கத்தில் தலையைக் குனித்தார். பிள்ளை மறுபடி அழுதது. அவர் நிமிர்ந்து விலகி நின்றார்.

“எனக்கில்லை சாமி. அவருக்குப் போடுங்க” என்றார்.

ஓரமாக ஒதுங்கி நின்ற சடையாண்டியாரின் கழுத்தில் மாலை விழுந்தது. பல்லக்கு லேசாக எழுந்தது.

“நீயே என்னைத் தேடி வந்துட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் விம்மி அழுதார்.

மலையேற விடப்படாத அடியவரைப் பார்க்க, மலையிலிருந்தவரே இறங்கி வந்தார் என்றால் அந்த அன்பை என்னவென்று சொல்வது! சடையாண்டியாரின் திருவடிக்கு நம் வணக்கம்.