சந்தா முடிகிற நாள்

நாகர்கோவிலில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கேம் கடை வைத்திருந்தாள் ரெஜினி. வயது இருபத்து நான்கு. அவளைவிடப் பத்து வயது மூத்த ஜெசிந்தா அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள். கணவர் கத்தாருக்குப் போனபிறகு, வீட்டிலிருந்த கேம் பெட்டியைப் பற்றி அவளிடம்தான் பாடம் கேட்டு வந்தாள்.

அன்று மழையில் நனைந்துகொண்டே வந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு எந்தப் பட்டனைக் காணோம்?"

"பட்டனெல்லாம் இருக்கு மாஸ்டர். நாளையோட கேம் பெட்டி சந்தா முடியுது. கேமை விலைக்கு வாங்கணுமா, சந்தாவே போதுமா?"

"எந்த கேம்?"

"எம் மகளும் அவ அப்பாவும் சேர்ந்து வீடு கட்டுவாங்களே, அது. மூணு வருஷமா இருக்கு. எங்களுக்குள்ளதுதானே?"

"சந்தாவோட சும்மா வந்தது அக்கா. சந்தா நின்னா பூட்டு விழுந்திரும். விலைக்கு வாங்கிட்டா, கட்டின வீடு அப்படியே இருக்கும்."

ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது. "அப்போ வாங்கிடறேன்."

"வாங்குங்க. ஆனா கத்தார்ல இருந்து அவரு உள்ள வரணும்னா சந்தாவும் வேணும்."

ஜெசிந்தா நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"கடைசியா எப்போ கேமுக்குள்ள வந்தாரு?"

"ஈஸ்டருக்கு."

கடை வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்று மழையில் ஆடிக்கொண்டிருந்தது.

"போனும் எடுக்கிறதில்ல மாஸ்டர். பாப்பா சனிக்கிழமைதோறும் கேமுக்குள்ள வாசல்ல விளக்கு வச்சிட்டு நிக்கா. சந்தா நின்னா, அப்பா எப்படி வருவார்னு கேப்பா. நான் என்ன சொல்லுவேன்?"

"அவ நிக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"கதவுக்குப் பின்னால. அவ முகத்தைப் பார்க்கப் பயம்."

ரெஜினி எழுந்தாள். கடை டிவியில் அதே கேமை ஓடவிட்டாள். சுவரிலிருந்து வந்த இணைய வயரைப் பிடுங்கிப் போட்டாள். அலமாரியிலிருந்து இரண்டு கன்ட்ரோலர்களை எடுத்து, ஒன்றை ஜெசிந்தாவின் ஈரக் கையில் வைத்தாள். திரை இரண்டாகப் பிரிந்தது.

ஜெசிந்தாவின் ஆள் மரத்தில் முட்டி முட்டி நின்றான்.

"திரும்புங்கக்கா, மரம் நகராது."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். இரண்டு செங்கல்கூட வைத்துவிட்டாள். அப்புறம்தான் கீழே கிடந்த வயரைப் பார்த்தாள்.

"மாஸ்டர், இதுக்குச் சந்தா வேண்டாமா?"

"தூரத்துல இருந்து வாறவங்களுக்குத்தான் அக்கா அது." ரெஜினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்துல உட்கார்றவங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."