வழி கேட்ட மோரிஸ்

தூத்துக்குடியில் ஒரு கேமரா இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த ராஜபூபதியின் கழுத்தில் அது தொங்கும். லீவு நாள் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். பழைய கார்களைத் தேடித் தெருத்தெருவாக அலைவார்கள்.

காட்சிக்கென்று துடைத்து நிறுத்திய கார்களைக் கேமரா சீந்தாது. சந்தைக்குப் போகிற கார், மழையில் நனைகிற கார், சேறு பூசிய சக்கரத்தோடு வீடு திரும்புகிற கார், இவைதான் அதற்கு வேண்டும். எட்டு வருஷமாக அதன் கண்ணில் படாமல் போக்குக் காட்டியது ஒரே ஒரு வண்டிதான். பச்சை நிற மோரிஸ் மைனர், ஐம்பத்தாறாம் வருஷத்தது.

அந்த மோரிஸ் ஒளிந்து திரியவில்லை. பெர்னதத் என்ற பெண் அதை ஓட்டினாள். கடற்கரைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பேக்கரி. மக்ரூன் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போட்டுவிட்டு வருவாள். மோரிஸுக்கு நிற்க நேரமில்லை, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேக்கரி வாசலில் அது நிற்பதை ராஜபூபதி பார்த்துவிட்டார். பழைய கார் நண்பர்கள் குழுவுக்குச் செய்தி போட்டார். "பச்சை மோரிஸ் நிக்குது. உடனே வாங்க."

அரை மணி நேரத்தில் முப்பது பேர் வந்துவிட்டார்கள். பைக்குகளைத் தெருவின் குறுக்கே விட்டுவிட்டு காரின் முன்னாலும் பின்னாலும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அசையாதே," என்றது கேமரா. "உனக்காக எட்டு வருஷம் காத்திருந்தேன்."

"சீக்கிரம் எடுத்துக்கொள்," என்றது மோரிஸ். "எனக்கு இன்னும் ஆறு கடை பாக்கி."

அப்போது பேக்கரிக்கு அடுத்த சைக்கிள் கடையில் ஏதோ உருண்டு விழுந்தது. கடைக்காரர் இசக்கியப்பனுக்கு நாள்பட்ட இழுப்பு. பையில் வைத்திருந்த மருந்தை இரண்டு தடவை உறிஞ்சியும் மூச்சு திரும்பவில்லை. பெர்னதத் ஓடிப் போய்ப் பார்த்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஆட்டோ எதுவும் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியவில்லை, குறுக்கே பைக்குகள். கடைச் சுவரை ஒட்டி நின்ற மோரிஸின் இடது கதவைத் திறந்து, வேலைக்காரப் பெண் கனியும் அவளுமாக இசக்கியப்பனைத் தூக்கிப் பின் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். சுவர்ப் பக்கம் யாரும் நிற்காததால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பெர்னதத் சாவியைத் திருகினாள். மோரிஸ் ஒரே இழுப்பில் உறுமியது.

"ஏல, ஸ்டார்ட் ஆயிட்டு! வீடியோ போடு, வீடியோ போடு!"

"அண்ணாச்சிக்கு மூச்சு முட்டுது! தள்ளுங்க!" என்று பெர்னதத் கத்தினாள். எஞ்சின் சத்தத்திலும் கூச்சலிலும் அது அமுங்கிப் போனது.

அவள் ஹாரனை அழுத்தினாள்.

"வழி விடுங்கள்!" என்று அலறியது மோரிஸ். "உள்ளே ஓர் உயிர் இருக்கிறது! வழி விடுங்கள்!"

மனிதர்களுக்குக் கேட்டதெல்லாம் ஹாரன்தான். கூட்டம் ஒரு கணம் அடங்கியது. பிறகு கைதட்டியது.

"யக்கா, இன்னொரு தடவ அடிங்க! என்னா சத்தம்யா!"

அவள் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். முப்பது போன்கள் ஹாரனை நோக்கி நீண்டன. கூட்டம் இன்னும் ஓரடி நெருங்கியது.

"முகப்பைத் திருப்பாதே," என்றது கேமரா. "வெளிச்சம் இப்போதுதான் சரியாக விழுகிறது."

"என் பின் இருக்கையைப் பார்!"

"அங்கே அழகாக எதுவும் இல்லையே."

"பார்!"

கேமரா பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. விரிந்த கண்கள் எதையும் பார்க்கவில்லை.

ராஜபூபதி முகப்பு விளக்கை நோக்கிக் குறி வைத்தார். எட்டு வருஷமாகக் கேமரா கனவு கண்ட படம் அது. இன்னொரு நொடியில் கிடைத்துவிடும். கேமரா தன் கண்ணை விளக்கிலிருந்து விலக்கிப் பின் இருக்கைக்குக் கொண்டுபோனது. அந்த முகத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றது.

"என்ன இது," என்று ராஜபூபதி லென்ஸ் வளையத்தைத் திருகினார். கேமரா விடவில்லை. விளக்கு மங்கலாயிற்று, பச்சை வண்ணமும் மங்கலாயிற்று. அந்த முகம் மட்டும் தெளிந்து தெளிந்து வந்தது.

அவர் கேமராவைத் தாழ்த்தினார். வெறும் கண்ணால் பார்த்தார்.

"ஆளு கெடக்காருடா உள்ள!" என்று கத்தினார். "தள்ளுங்கடா! வண்டிய எடுங்கடா!"

முன்னால் நின்ற பைக்கை அவரே சாய்த்துத் தள்ளினார். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். கழுத்து வார் எங்கோ மாட்டி அறுந்தது. கேமரா கீழே விழுந்து, கண்ணில் கீறலோடு, மோரிஸின் சக்கரங்கள் தன்னைக் கடந்து போவதைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் இசக்கியப்பனுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரம் போனது. பிறகு நர்ஸ் வெளியே வந்து, பேசுகிறார் என்றாள்.

பின்னாலேயே வந்திருந்த ராஜபூபதி உள்ளே வரவில்லை. வாசலில் மோரிஸ் பக்கத்தில் நின்றிருந்தார். அதன் முகப்பில் இன்னும் சூடு ஆறவில்லை. பெர்னதத் வந்து படியில் உட்கார்ந்தாள். அவளுடைய வலது உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"எத்தன தடவ அடிச்சேன் தம்பி," என்றாள். "ஒங்க ஒருத்தருக்குமா கேக்கல?"

ராஜபூபதி அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார்.

"கேட்டுச்சுக்கா," என்றார். "நல்லாருக்குன்னு நின்னு கேட்டோம்."