ஏழு நாள் காயணும்

கண்ண மூடு. ம் கொட்டிக்கிட்டே இருக்கணும், நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். ராஜா ராணியெல்லாம் அத்தைக்குத் தெரியாது, கேக்காத.

ஒரு ஊர்ல ஒரு மீன் மார்க்கெட்டு. அங்க தண்ணிக் குழாயடியில உக்காந்து மீன் வெட்டிக் கொடுக்கிறவ சலேத்தம்மா. விடிஞ்சதுலருந்து சரக் சரக்னு செதில் எடுப்பா, சதக் சதக்னு துண்டு போடுவா. ம்?

"ம்."

அவ வலது கையில பெருவிரல் பாதிதான். மீதிய ஐஸ் உடைக்கிற மெஷின் வாங்கிருச்சு. அதனால ஒரு ஆசாரி பூவரசங்கட்டையில அவ கைக்குன்னே பள்ளம் வச்சு, கத்திக்குப் பிடி செதுக்கிக் கொடுத்தாரு. வேற கத்திய எடுத்தா அவ கையில நிக்காது, சுத்திக்கும். அந்த ஆசாரியும் ஊரை விட்டே போயிட்டாரு. அப்புறம் பாரு, தினம் ஊறி, காஞ்சு, ஊறி, காஞ்சு, அந்தப் பிடியில ஒரு வெடிப்பு விட்டுருச்சு. பொளந்துச்சுன்னா பொழப்பு போச்சு. அவளுக்குச் சோறு எறங்கல.

முதல்ல வீட்டுல இருந்த தேங்காயெண்ணெயத் தடவினா. மறுநாள் சீலா மீன் தலையில ஓங்கினா பாரு, வழுக்! கத்தி டணார்னு சிமெண்ட் தரையில. கால் தப்பிச்சது. நாலு நாள்ல எண்ணெய் காறிப்போன வாடை வேற. மீன் நாத்தத்தையே தாண்டி அடிச்சுதுன்னா பாத்துக்கோ.

அப்புறம் தேன்மெழுகு வாங்கி உருக்கித் தேச்சா. காலையில பளபளன்னு இருந்துச்சு. வெயில் ஏற ஏற பிசுக் பிசுக். செதிலெல்லாம் பிடியில ஒட்டி, பிடியே ஒரு மீன் மாதிரி ஆயிருச்சு. சிரிக்காத. அவ அன்னைக்கு அழுதா.

"அப்புறம்?"

அப்புறம் கட்டிலுக்குப் பாலிஷ் போடுற அன்வர் பாய்கிட்ட போனா. அவர் சொன்னாரு, "ஆளிவிதை எண்ணெய் தடவும்மா. அது மரத்துக்குள்ள இறங்கி இறுகிடும், தண்ணி ஏறாது. மெல்லிசா தடவு, துடை, காய விடு. மறுபடி தடவு. ஏழு நாள் தண்ணி படக் கூடாது."

ஏழு நாள்! அங்கதான் இடி விழுந்துச்சு. அந்த மார்க்கெட்டுல ஒரு சட்டம். மூணு நாள் பலகையில கத்தி விழலைன்னா அந்த எடம் அடுத்தவளுக்கு. சும்மா வந்து உக்காந்திருந்தாலும் செல்லாது. மார்க்கெட்டுக்குப் பெரியவ ஞானப்பூகிட்ட போய் நின்னா.

"ஏழு நாள் பொறுத்துக்கக்கா."

"உனக்குப் பொறுத்தா எல்லாருக்கும் பொறுக்கணும் சலேத்து. வெளிய எத்தனை பேர் எடத்துக்கு நிக்கிறாங்கன்னு உனக்கே தெரியும்."

தடவலைன்னா பிடி போகும். தடவினா எடம் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. கடைசியில, பிடி இல்லாம எடத்த வச்சு என்ன செய்யன்னு தடவினா. ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள். மூணாம் நாள் சாயந்தரம், எடம் போச்சுன்னு வீட்டுக்குள்ளயே குப்புறப் படுத்துக்கிட்டா. ம் சொல்லு.

"ம்..."

எட்டாம் நாள் கத்திய எடுத்துக்கிட்டுப் போனா. பிடி கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, கையில அப்படியே உக்காருது. குழாயடியில பிலோமின்னு ஒரு சின்னப் பொண்ணு உக்காந்து வெட்டிக்கிட்டு இருக்கா. இவளப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா. "கோவமாக்கா? எனக்கும் வேற வழியில்லக்கா."

"உன் மேல எனக்கென்ன கோவம். உக்காரு."

பிலோமி சலேத்தம்மாவோட கத்திப் பிடியத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. "எவ்ளோ நல்லா இருக்கு. என்னுது வெடிக்குதுக்கா. என்ன தடவினீங்க?"

"ஆளிவிதை எண்ணெய். ஏழு நாள் காயணும்."

"ஏழு நாளா? எடம் போயிடுமேக்கா."

பிலோமி பலகையில கிடந்த மீனப் பாத்தா, வெடிச்ச பிடியப் பிடிச்சா, சதக் சதக்னு வெட்ட ஆரம்பிச்சா.

கதை அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பிப் படு, தூக்கம் வரும்.