மூன்று மணி மோகனம்

“அவங்களை விட்டுத் தொலைச்சிடட்டுமா, மிஸ்?”

கேட்ட வயலின் சிஷ்யைக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் சௌந்தரவல்லி. ஊர் ஈரோடு.

குருவுக்கு இருபத்தாறு. பெயர் ஜெபமலர். ஊர் நாகர்கோவில். தலையில் ஈரத் துண்டு.

நரைத்தால்தான் குரு என்று நினைக்கிறவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

இருவருக்கும் நடுவே ஒரு கைபேசி. ஈரோட்டில் அது இட்லி அரிசி டப்பாவின் மேல் சாய்ந்து நின்றது.

“யாரை, ஆன்ட்டி?”

“தமயந்தியைத்தான். புதுக்கோட்டை. கஞ்சிரா.”

தமயந்தி சும்மா கிடைத்தவள் அல்ல. ‘சேர்ந்து வாசிக்க ஆள் தேவை’ என்று சௌந்தரவல்லி எட்டு மாதம் இணையத்தில் எழுதிப் போட்டாள். முதலில் வந்தவர் அவளுடைய புகைப்படம் கேட்டார். இரண்டாமவர் தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்பினார். வாத்தியம் என்று எதுவும் அவரிடம் இல்லை. மூன்றாமவர், தன்னிடம் இரண்டு வருஷம் பாடம் கேட்டால் சேர்ந்து வாசிப்பதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

நான்காவதாகத் தமயந்தி. முப்பது வருஷம் குக்கர் மூடியில் தாளம் போட்டுவிட்டு, ஐம்பதாவது வயதில் கஞ்சிரா வாங்கியவள். அவள் வீட்டிலும் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் யாரும் காபி கேட்பதில்லை.

தினமும் மூன்று மணி. மோகன ராகத்தில் ஒரே ஒரு பாட்டு. ஒரு மாதமாகியும் அந்த ஒரு பாட்டு முடிந்தபாடில்லை.

“இழுக்கறாங்க, மிஸ். நான் ஒரு இடத்துல இருந்தா அவங்க தட்டு அப்புறமா வருது. போனா போகுதுன்னு நான் நின்னு கொடுத்தா, இன்னும் பின்னாடி போறாங்க. ஆரம்பிக்கறப்ப பாட்டு, போகப் போகப் பிண ஊர்வலம்.”

“அவங்க உங்களைப் பத்தி என்ன சொல்றாங்க?”

“அதையேதான்! நான் இழுக்கறேனாம். திமிரைப் பாருங்க.”

ஜெபமலர் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டினாள்.

சௌந்தரவல்லி தன் பக்கம் குறை தேடாமலும் இல்லை. புது வில் வாங்கினாள். புது மைக் வாங்கினாள். அப்புறம் ஹெட்ஃபோன். ‘ஒரே ஒரு முறை வாசித்தது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இரண்டாவது வயலின். ஏன் ஒரே முறை என்பது அது வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. பிறகு மூன்றாவது.

மூன்றிலும் தமயந்தி இழுத்தாள்.

“மெசேஜ் அடிச்சு வெச்சுட்டேன், மிஸ். ‘நமக்குள் ஒத்து வராது, நன்றி’ன்னு. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.” குரல் கொஞ்சம் இறங்கியது. “அனுப்பிட்டா அப்புறம் மூணு மணிக்கு எனக்கு யாரும் இல்லை. அதான் கேக்கறேன்.”

“வயலினைக் கீழ வைங்க, ஆன்ட்டி. நான் கை தட்டுறேன். கூடவே தட்டுங்க.”

குரு தட்டினாள். சிஷ்யை சேர்ந்து தட்டினாள். இம்மி பிசகவில்லை.

“பிந்துது,” என்றாள் ஜெபமலர்.

“பிந்துதா? உங்க கையைப் பார்த்துத்தானே தட்டறேன்!”

“பிந்துது.”

மறுபடி தட்டினார்கள். இந்த முறை சௌந்தரவல்லி மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

“பிந்துது, ஆன்ட்டி.”

ஏழாம் வகுப்பில் சிஸ்டர் ஸ்கேலால் முட்டியில் போட்டபோதுகூட அவளுக்கு இத்தனை கோபம் வந்ததில்லை.

“அப்படியா? சரி, தப்பாவே தட்டறேன். இந்தாங்க!”

வேண்டுமென்றே, குருவின் ஒவ்வொரு தட்டுக்கும் அரைத் தட்டு முன்னால் தட்டினாள்.

“இப்ப சரி.”

“எது சரி? கோணல்மாணலா கேக்குது!”

“அங்க கோணல். இங்க ரெண்டு கையும் ஒண்ணா விழுது. நிறுத்தாதீங்க.”

ஈரோட்டில் அது சிதறிய தாளம். நாகர்கோவிலில் ஒருத்தி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சௌந்தரவல்லியின் கை மெல்ல நின்றது.

“சத்தம் இங்கேருந்து அங்க போகணும், அங்கேருந்து இங்க வரணும்,” என்றாள் ஜெபமலர். “அதுக்கும் வழி தூரம்தானே, நேரம் பிடிக்கும்.”

“அப்ப ரெண்டு வீட்லயும் ஒரே சமயத்துல சேர்ந்து கேக்கவே கேக்காதா?”

“கேக்காது.”

“எந்த வயலின் வாங்கினாலும்?”

“எந்த வயலின் வாங்கினாலும்.”

“அப்ப அந்த மெசேஜ்?”

“நேரமாச்சு, ஆன்ட்டி. அடுத்த ஸ்டூடன்ட் காத்துட்டு இருக்காங்க.”

திரை கறுத்தது.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் இந்தக் குருமார்களுக்கு என்னதான் குறைந்துவிடும் என்று சௌந்தரவல்லி அரிசி டப்பாவைக் கேட்டாள்.

மறுநாள் மூன்று மணி. மெசேஜ் அனுப்பப்படாமல் கிடந்தது.

திரையில் தமயந்தி. கஞ்சிராவின் தோலில் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் சுருக்கம்.

“இன்னிக்காவது இழுக்காம வாசிப்பீங்களா?”

பதில் நாக்கின் நுனிவரை வந்தது. வந்த பதில் திரும்பிப் போனது சௌந்தரவல்லியின் சரித்திரத்தில் அதுவே முதல் முறை.

கைக்கு எட்டியது முதல் வயலின்தான், எல்லாவற்றிலும் பழசு. அதையே எடுத்தாள். காலால் தாளம் போட்டு ஆரம்பித்தாள். கஞ்சிரா வழக்கம்போலப் பின்னால் வந்தது. அவள் கால் தானாகவே அதற்காக நிற்கப் பார்த்தது.

“ஒரு நிமிஷம்.”

வாசிப்பை நிறுத்தினாள். கைபேசியில் வரும் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். முதலிலிருந்து தொடங்கினாள்.

இப்போது கஞ்சிராவே இல்லை. அவளுடைய வயலின், அவளுடைய கால். திரையில் ஓசையில்லாமல் தட்டும் ஒரு கை. அதற்காக அவள் நிற்கவில்லை.

அனுபல்லவியில் தமயந்தியின் நெற்றிச் சுருக்கம் போயிற்று. சரணத்தில் தலை ஆடத் தொடங்கியது. கடைசி வரிக்கு வந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பும் ஈரோட்டில் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் முதல் முறையாகப் பாட்டு முடிந்தது.

சௌந்தரவல்லி சத்தத்தைக் கூட்டினாள்.

“...இழுக்கவே இல்லையே நீங்க! அப்படியே கூட வந்தேனே! கேட்டீங்களா, கடைசியில எப்படி ஒண்ணா வந்து விழுந்துச்சுன்னு? புது வயலினா?”

“பழசுதான்.”

“நாளைக்கும் இப்படியே வாசிப்பீங்களா?”

“நாளைக்கு நீங்க ஆரம்பிங்க,” என்றாள் சௌந்தரவல்லி. “என்னைக் காதுலயே போட்டுக்காதீங்க.”