காலி அலமாரியின் கனம்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குரு மெஹருன்னிசா, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியை. சீடர் சவரியப்பன், பாலிடெக்னிக் ஆசிரியர், அவரிடம் பகுதிநேர ஆய்வு மாணவர். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள்.

சவரியப்பனின் ஆய்வு எலக்ட்ரானின் பயனுறு நிறை பற்றியது. வெற்றிடத்தில் எல்லா எலக்ட்ரானுக்கும் ஒரே நிறைதான். ஒரு படிகத்துக்குள் நுழைந்துவிட்டால் அப்படி இல்லை. ஒரு பொருளில் லேசாக நடந்துகொள்ளும். இன்னொன்றில் பலமடங்கு கனமாக நடந்துகொள்ளும். தள்ளிப் பார்த்துத்தான் அதை அறிய வேண்டும்.

ஒரு மத்தியானம் சவரியப்பன் விடுப்புக் கேட்டு வந்தார்.

"ரெண்டு நாள் வேணும் மேடம். பையனை ஹோசூர்ல தம்பி வீட்ல விட்டுட்டு வரணும். சாயங்காலம் ரயில்."

"லிகோரி கிளம்பச் சம்மதிச்சிட்டானா?"

"சம்மதம் கேட்டா நடக்காது. நானும் என் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம்."

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த விஷயம் துறையில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் ஒரு நாள் லிகோரி ஓட்டிய பைக் லாரியில் மோதியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த இசக்கிராஜ் அங்கேயே இறந்துபோனான். இருவரும் ஒரே குடியிருப்பில் எதிரெதிர் வீடு. அதற்குப் பிறகு லிகோரி வேலைக்குப் போகவில்லை.

"ஒரு சந்தேகம் மேடம்," என்றார் சவரியப்பன். "எவ்வளவு தள்ளினாலும் அசைய மாட்டேங்கான். இவ்வளவு கனமா ஒரு மனுசன் ஆக முடியுமா?"

"எப்படித் தள்ளினீங்க?"

"முதல்ல நல்லவிதமாச் சொன்னேன். அப்ப முன் ரூம்ல இருந்தான். அப்புறம் ஃபாதரைக் கூட்டிட்டு வந்து பேச வச்சேன். உள் ரூமுக்குப் போயிட்டான். போன வாரம் சட்டையைப் பிடிச்சுட்டேன். இப்ப சமையக்கட்டுக்குப் பின்னால, சாமான் போடுற இடத்துல பாயை விரிச்சுப் படுத்திருக்கான்."

"அசையலைன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"அசைஞ்சுக்கிட்டுத்தானே இருக்கான். நீங்க தள்ளுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்."

சவரியப்பன் முன் ரூம், உள் ரூம், சமையக்கட்டு என்று விரல்விட்டு எண்ணினார்.

"அந்த மாதிரி எலக்ட்ரானுக்கு என்ன சொல்லுவோம், சார்?"

"நெகட்டிவ் மாஸ். எதிர்மறை நிறை."

"பசங்களுக்கு எப்படி விளக்குவீங்க?"

"விளக்குறதாவது. ஹோல், துளைன்னு ஒரு பேரைச் சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிருவேன். கேள்வி கேட்டா பரீட்சைக்கு வராதும்பேன்."

அவரே கொஞ்சம் சிரித்தார். மெஹருன்னிசா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். ஆய்வக உதவியாளர் மாடசாமியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"போறதுக்கு முன்னால ஒரு உதவி. நடையில நிக்கிற அலமாரியை அந்தக் கடைசிக்குத் தள்ளி விடுங்க."

ஆய்வகத்துக்குப் போகும் நடை குறுகலானது. சக்கரம் வைத்த இரும்பு அலமாரி ஒன்று அதை அடைத்துக்கொண்டு நின்றது, ஆள் உயரத்துக்கு மேல். சவரியப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ளினார்.

அலமாரி அவரை நோக்கி வந்தது.

காலை ஊன்றி மறுபடி தள்ளினார். இன்னும் வேகமாக வந்தது. தோளைக் கொடுத்தார். பின்னால் சறுக்கிச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"உள்ள என்ன மேடம் இருக்கு? பிணக்கனம் கனக்குது."

"திறந்து பாருங்க."

திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பல்லி ஓடியது.

"அப்போ சக்கரம் கெட்டுப்போச்சு."

"சக்கரமும் நல்லா இருக்கு."

சவரியப்பன் பக்கத்து அறைக்குள் நுழைந்து மறுகதவு வழியாக நடையின் அந்தப் பக்கம் போனார். அங்கே மாடசாமி அலமாரியில் இரண்டு கையையும் வைத்தபடி வியர்த்து நின்றிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மேடம்தான் சொன்னாங்க. சார் எவ்வளவு தள்ளுறாரோ அதுக்கு ஒருபடி மேல தள்ளணும். சார் சும்மா நின்னா நீயும் சும்மா நில்லுன்னாங்க. பரவால்ல, உங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கு."

சவரியப்பன் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் இடித்த தோளைத் தடவிக்கொண்டார்.

"உங்க ஆய்வேட்டுல முதல் அத்தியாயத்துல என்ன எழுதியிருக்கீங்க?" என்றார் மெஹருன்னிசா.

"படிகத்துக்குள்ள நாம எலக்ட்ரானைத் தள்ளும்போது சுத்தி இருக்கிற அணுவெல்லாமும் சேர்ந்து தள்ளுது. அதை ஒவ்வொண்ணா எழுத முடியாது. அதனால மொத்தத்தையும் எலக்ட்ரான் பேருல எழுதிட்டு, அதோட கனம்னு சொல்லிர்றோம்."

"நல்லா எழுதியிருக்கீங்க."

மெஹருன்னிசா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"லிகோரிக்கு அந்தப் பக்கம் யார் நிக்கிறா?"

"வீட்ல நானும் அவனும்தான். அவன் அம்மா போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருசம் ஆச்சு. வேற யாரும் இல்ல."

"அவனை வெளியே கிளப்பும்போது முதல்ல என்ன நடக்கும்?"

"நான் கதவைத் திறப்பேன்."

"அப்புறம்?"

சவரியப்பன் தோளைத் தடவுவதை நிறுத்தினார்.

"எங்க கதவு திறக்கிற சத்தம் கேட்டா எதிர்வீட்டுக் கதவும் திறக்கும்," என்றார். "இசக்கிராஜோட அம்மா. பேச்சித்தாய்னு பேரு. வந்து வாசல்ல நிப்பாங்க."

"திட்டுவாங்களா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்ல மேடம். சும்மா நிப்பாங்க. அவனையே பார்ப்பாங்க. சாவுக்கு முன்னால ரெண்டு பயலுகளும் ஒண்ணாத்தான் படியிறங்குவாங்க. அப்ப வந்து நின்னு வழியனுப்புன பழக்கம் போல. இவன் அப்படியே உள்ள திரும்பிருவான்."

"நீங்க சத்தம் போட்டா?"

"சீக்கிரமா வந்து நிப்பாங்க."

சொன்ன பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தினார்.

"இதை ஏன் நான் இத்தனை நாள் யோசிக்கல?"

மெஹருன்னிசா தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ ஹோசூர் போறது சரிதானே மேடம்? ஒரு பொருள்ல கனமா இருக்கிற எலக்ட்ரான் இன்னொரு பொருள்ல லேசாயிருது. அங்க எதிர்வீடு கிடையாது."

"எங்கேயிருந்து வந்தோம்னு எலக்ட்ரானுக்கு ஞாபகம் இருக்காது, சார். லிகோரிக்கு இருக்கும்."

சவரியப்பன் உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அடக்கத்துக்கு அப்புறம் நீங்க அந்த வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார் குரு.

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"என்ன முகத்தை வச்சுக்கிட்டுப் போறது? நாலு எட்டு வைக்கிற தூரம்தான். அவங்க கதவு திறந்திருந்தா நான் மாடிப்படியைப் பார்த்துக்கிட்டே இறங்கிருவேன். கால் அந்தப் பக்கம் வராது மேடம்."

"உங்களுக்கும் வரலை."

"வரலை."

வெளியே மாடசாமி அலமாரியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரங்கள் சத்தமில்லாமல் உருண்டன.

"சரி, போறேன்னே வைங்க," என்றார் சவரியப்பன். "போய் நின்னா அந்தம்மா என்ன சொல்லும்?"

"நல்லதா எதுவும் சொல்ல மாட்டாங்க. ஒண்ணுமே சொல்லாமலும் இருக்கலாம்."

"செத்தவன் திரும்பி வரப்போறதில்ல. அவங்க மனசும் ஆறப்போறதில்ல. பிறகு நான் எதுக்குப் போய் அங்க நிக்கணும்?"

மெஹருன்னிசா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அடுத்த தடவை அவங்க கதவைத் திறக்கும்போது, பார்க்கிறதுக்கு உங்க வீட்ல அவன் ஒருத்தன் மட்டும் இருக்க மாட்டான். நீங்களும் இருப்பீங்க."